முதலாளியின் பசி

சில்வண்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லையென்றால் நீட்டிய கைக்கு அப்பால் எல்லாமே தண்ணீர் பட்ட எழுத்துபோல் ஊறிப் பரவிவிடும். இடுக்கி நுனியில் துடிப்பது ஒரு பழுப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். அதன் முள் வைத்த பின்னங்கால்கள், மயிரிழை மீசைகள், வயிற்றில் அடுக்கடுக்காக இருக்கும் வளையங்கள் எதுவும் தெரியாது. காதுக்கு அப்படிக் கழற்றி வைக்க எதுவும் இல்லை. முட்டை அட்டையின் மேல் அவை ஓடும் சரசரப்பு என் பின்கழுத்தில் ஓடுவதுபோலவே இருக்கும். மூடியைக் கட்டைவிரல் அளவு திறக்க வேண்டும், இடுக்கியை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும், மூட வேண்டும், கண்ணாடித் தொட்டிக்குள் கையை நீட்ட வேண்டும், விட்டுவிட வேண்டும். கடைசியில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

தொட்டிக்குள் இருப்பவர் முதலாளி. பல்லிதான், ஆனால் சுவரில் ஏறுகிற ஜாதி இல்லை. தரையில் நடப்பவர். மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சாதாரணப் பல்லிக்கு இல்லாத கண் இமைகள் இவருக்கு உண்டு. நாம் ஏதாவது சொன்னால் யோசித்துப் பார்ப்பதுபோல் மெதுவாக மூடித் திறப்பார். ஒரு வேலையும் செய்யாமல், வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, வேலை செய்கிறவர்களை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதால் என் மாமனார் வைத்த பெயர் அது. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்ப்பது. சில்வண்டை வெறுங்கையால் எடுத்து, கதை பேசிக்கொண்டே ஊட்டுவாள். அப்போதெல்லாம் நான் அடுக்களையில் முக்கியமான வேலை எதையாவது கண்டுபிடித்துக்கொள்வேன்.

அவள் பாலம் கட்டும் நிறுவனத்தில் பொறியாளர். தூரத்தில் ஓர் ஆற்றின் குறுக்கே கட்டும் பாலத்துக்கு அவளை அனுப்பினார்கள். அவளுக்கென்று தனியாகக் கிடைத்த முதல் பொறுப்பு. கிளம்பும் நாளன்று வாசலில் பெட்டியோடு நின்றபோது மாமனார் மார்பைத் தட்டிக்கொண்டார். "முதலாளிய நான் பாத்துக்கறேன்மா. நீ பாலத்தப் பாரு." அவள் சரி சரி என்று தலையாட்டினாள். பிறகு எதையோ மறந்துவிட்டவள்போல் என்னை அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பாவ நம்பாத. பூச்சின்னா அவருக்கு உயிரே போயிடும். வெளிய சொல்ல மாட்டாரு. போட்டேன்னு சொல்லிட்டு டப்பாவ அப்படியே தூக்கி எறிஞ்சிடுவாரு. நீயே போட்டுடு. ஆனா அவருக்குத் தெரிய வேணாம். மனுஷனுக்கு மானக்கேடா போயிடும்."

"எனக்கும்தான்..." என்று இழுத்தேன்.

"உனக்கு அருவருப்பு. அவருக்குப் பயம். அருவருப்ப ஒரு சோப்புல கழுவிடலாம்" என்றாள்.

அவள் சொன்னது சரியா தவறா என்று பல நாள் யோசித்தேன். ஆனால் எதிர்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னவர் மாமனார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக நான் அதற்கு மேல் எத்தனையோ மடங்கு தங்கிவிட்டேன். ஒருநாள்கூட அவர் முகம் கோணியதில்லை. தன் கருவிகளெல்லாம் கிடந்த சின்ன அறையைக் காலி செய்து, எனக்குப் படிப்பதற்கென்று ஒரு மேசையைப் போட்டார். இப்போது பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளை அரைத்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு. வகுப்பு முடிந்து வரும்போது என் தட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். மூடியின் மேல் கரண்டி கவிழ்ந்திருக்கும். அந்த மனிதருக்கு நான் திருப்பிச் செய்யக்கூடியது என்று எதுவுமே என் கையில் இல்லை. இந்தச் சில்வண்டுதான் இருந்தது.

மாமனார் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயர்ந்த கட்டடங்களில், கீழே பார்த்தால் தலை சுற்றும் குழிக்கு மேலே, கூண்டின் கூரையில் நின்றுகொண்டு வேலை செய்கிறவர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பாச்சைக்கு நடுங்குகிறவர்களைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. எனவே அவருடைய மானத்தை நானே காப்பாற்ற வேண்டியிருந்தது. கடையிலிருந்து வந்ததும், அவர் வேலை முடிந்து வருவதற்குள், முதலாளிக்குப் போட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்புவேன். என் சில்வண்டுப் பெட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நான் திரும்பி வரும்போது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "முதலாளிக்குச் சாப்பாடு ஆச்சு மாப்ள."

"சரி மாமா" என்பேன், முகத்தை மிகக் கவனமாக வைத்துக்கொண்டு. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்னப் பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் கஷ்டமாக இருக்கும். சில நாள் அவர் என்னையே உற்றுப் பார்ப்பார். நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நானும் போறப்ப ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போனேன் மாமா" என்பேன். "பாத்தீங்கல்ல, அது போதும்" என்பார், குழந்தையிடம் சொல்வதுபோல.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி சாப்பிடுவதை நிறுத்தினார்.

முதல் நாள் கை கழுவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவருகிலிருந்து பார்த்தபோது, சில்வண்டு அவர் மூக்குக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், இமைகளை மூடினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சரியாகப் போடவில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை இடுக்கியை ஆட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த முறை, வேறு வழியில்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். முன்னங்கால்கள் உடம்போடு சேருமிடத்தில், இரண்டு அக்குளிலும், பட்டாணி அளவுக்கு இரண்டு வீக்கங்கள். பளபளவென்று, நீர் கோத்ததுபோல். கை கழுவ மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு இடைவேளையில் அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதுவது என் பழக்கம். அன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. கட்டி என்ற சொல்லை எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. எங்கே தப்புச் செய்தேன் என்று வரிசையாக யோசித்தேன். சில்வண்டுகளுக்கு நான் போட்ட கேரட் பழையதா? தொட்டியின் சூட்டு விளக்கை ஒருநாள் தாமதமாகப் போட்டேனே, அதனாலா? சோப்பு வாசனை இடுக்கியில் ஒட்டியிருந்ததா? எல்லாமே நான் செய்யக்கூடிய தப்புகளாகவே தெரிந்தன. அருவருப்பில் அவசர அவசரமாகப் போட்டுவிட்டு ஓடியவனுக்கு எதையும் மறுக்க முடியவில்லை.

மனைவி வாரக் கடைசியில் வீடியோவில் வந்தாள். பின்னால் கம்பிகளும் இரைச்சலும். முகம் வெயிலில் கறுத்து, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். மறுவாரம் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கி வைக்கப் போகிறார்களாம்; அதை அவள்தான் நின்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "முதலாளியக் காட்டு" என்றாள். அவருடைய வால் மட்டும் தெரிகிறமாதிரி செல்போனைப் பிடித்தேன். "தூங்கறாரு" என்றேன். மாமனார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஆமாம்மா, இப்பத்தான் தூங்கினாரு, எழுப்பாத" என்றார். அவர் ஏன் அப்படி அவசரமாகச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீக்கத்தைப் பற்றிச் சொன்னால் அவள் அந்தப் பாலத்தை விட்டுவிட்டு வந்துவிடுவாள். சொல்லாமல் விட்டு முதலாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் என்னை எதற்காகவும் மறுபடி நம்ப மாட்டாள். அவளுடைய அப்பாவும் தன் வீட்டில் தங்க இடம் பெற்றவன் ஒரு பல்லியைக்கூடக் காப்பாற்றவில்லை என்று நினைப்பார். நினைக்க மாட்டார். நினைக்க மாட்டார் என்பதுதான் இன்னும் கஷ்டம்.

மறுநாள் வகுப்பில் மாடிப்படி வரையச் சொன்னார்கள். படிகளை வரைந்து முடித்துப் பார்த்தால் அவை மேலே போய்ச் சுவரில் முட்டி நின்றன. ஆசிரியை பார்த்துவிட்டு, "இதுல ஏறினா எங்க போறதுங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பாதியிலேயே எழுந்து, சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலாளியை மருத்துவரிடம் எடுத்துப் போவது, மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தெருவிலேயே முடிவு செய்தேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது கூடத்தில் விளக்கு எரியவில்லை. என் படிப்பறையில், தொட்டி இருக்கும் பக்கம், ஒரு வெளிச்ச வட்டம் அங்குமிங்கும் ஆடியது. செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

மாமனார் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். தலையில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட், அதன் நெற்றியில் எரியும் விளக்கு. இரு கைகளிலும் தடித்த தோல் கையுறை. மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகியிருந்தார். லிஃப்ட் கம்பிகளை வளைக்கும் நீண்ட மூக்குக் குறடு ஒன்று அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சில்வண்டு. பக்கத்தில் அவருடைய கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் என்னிடம் இருப்பது போலவே ஒரு சில்வண்டுப் பெட்டி.

"சாப்பிடுங்க முதலாளி" என்றார் கெஞ்சலாக. "ஒரே ஒரு வாய். பிடிவாதம் பண்ணாதீங்க. அந்தப் பையன் பாவம். கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுப் போடறாரு, நானே ஒருநாள் பாத்தேன். எது உங்க வாய்க்குப் போச்சு, எது மண்ணுக்குப் போச்சுன்னு அவருக்கே தெரியாது. அவரக் குத்தம் சொல்லக் கூடாது. அவ்வளவு அருவருப்ப வச்சுக்கிட்டும் வந்து நிக்கறாருல்ல? படிக்கிற புள்ள, இந்தக் கவலை வேற எதுக்கு அவருக்கு? நான் போட்டாத்தான் சாப்பிடுவேன்னு இருந்தா சாப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானே..." சில்வண்டு காலை உதறியது. அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறியது. ஆனால் குறடை அவர் விடவில்லை.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் வகுப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்த மாலைகளிலெல்லாம் ஒருவர் இங்கே இப்படிக் கவசம் மாட்டிக்கொண்டு, நடுங்கி நடுங்கி, எனக்காக மண்டியிட்டிருக்கிறார். பிறகு கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, என் தட்டை மூடி, மேலே கரண்டியைக் கவிழ்த்துவிட்டு, செய்தித்தாளை விரித்திருக்கிறார்.

"மாமா."

வெளிச்சம் திரும்பி நேராக என் முகத்தில் அடித்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"என்ன மாப்ள, கிளாஸ் இல்லையா?"

"பாதியில வந்துட்டேன். நீங்க என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? லிஃப்ட் ரிப்பேரு." குறடை மெதுவாகப் பெட்டிக்குள் தாழ்த்தி, மூடியை அழுத்தி மூடி, அதன் மேல் ஒரு சுத்தியலையும் வைத்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"தினமும் போட்டாச்சுன்னு சொல்லுவீங்களே மாமா..."

"போட்டேன். அதனால சொன்னேன்."

"நான் நம்பல. நீங்க சும்மா சொல்றீங்கன்னு நானும் தினமும் போட்டுட்டு இருந்தேன்."

"அது எனக்குத் தெரியும். போடறேன்னு போயி நிப்பீங்க, ஆனா உள்ள எதுவும் போகாதுன்னு நெனச்சேன்." கையுறையைக் கழற்றினார். "ஏன் நம்பல?"

"அவதான் சொன்னா. உங்களுக்குப் பூச்சின்னா... வந்து... நீங்க டப்பாவ எறிஞ்சிடுவீங்கன்னு. உங்களுக்குத் தெரியாம என்னையே போடச் சொன்னா. தெரிஞ்சா உங்களுக்கு மானக்கேடுன்னு."

அவர் ஹெல்மெட்டோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரிப்பு. சத்தமே வராத, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சிரிப்பு. "அடிப்பாவி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "அன்னைக்கு வாசல்லேருந்து உங்கள உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, என்னயப் பின்பக்கம் கூட்டிட்டுப் போனா. 'அப்பா, அவரு பூச்சியப் பாத்தா மயங்கியே விழுந்துடுவாரு, சொல்ல மாட்டாரு, மானக்கேடுன்னு நெனப்பாரு, நீங்களே போட்டுடுங்க, அவருக்குத் தெரிய வேணாம்'னா. ஒரு வார்த்தை மாறல மாப்ள!"

தொட்டிக்குள் முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து இமைகளை மூடித் திறந்தார்.

மறுநாள் காலை அவரைத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து இருவருமாக மருத்துவரிடம் போனோம். சிரிப்பெல்லாம் இரவோடு போய்விட்டிருந்தது. முந்தைய இரவு வீக்கத்தை நான் காட்டியபோது, மாமனார் தானும் அதைப் பார்த்ததாகவும், சொன்னால் வரப்போகும் வரைபடப் பரீட்சையை நான் எழுத மாட்டேன் என்று மறைத்ததாகவும் சொன்னார். பெட்டியைத் தன் மடியில் வைத்து, பேருந்து குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவர் ஓர் இளம்பெண். முதலாளியை உள்ளங்கையில் ஏந்தி, வாலைத் தடவி, அக்குளை விரலால் அழுத்திப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது கட்டி இல்லீங்க. கொழுப்பு. வால்ல வச்சுக்க இடம் பத்தாம அக்குள்ல ரெண்டு தலகாணி வச்சுட்டு இருக்காரு." தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வயசான பல்லிக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ போட்டாலே போதும். நீங்க எப்பப் போடுவீங்க?"

"தினமும் சாயங்காலம்" என்றேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுதான் மனைவி சொல்லியிருந்தாள். ஆனால் நான் போட்டதில் பாதி அவர் வாய்க்குப் போகவில்லையோ என்ற சந்தேகத்தில் தினமும் என்று மாற்றியிருந்தேன்.

"அப்புறம் ராத்திரி" என்றார் மாமனார், சுவரில் இருந்த நாய்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு.

மருத்துவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இவரு மேல உங்களுக்கு இருக்கற பாசத்துக்கு ஒரு அளவு வைங்க. கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடுங்க, சரியாப் போயிடும்."

வெளியே வந்து படிக்கட்டிலிருந்தே மனைவியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னோம். மூன்று நிமிடம் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் யாரோ அவளை என்ன ஆயிற்று என்று கேட்பதுகூடக் கேட்டது.

"அப்ப எங்க ரெண்டு பேரையுமே நம்பலையா நீ?" என்றார் மாமனார்.

"பாதிப் பாதி நம்பினேன்பா. ஒருத்தராவது போடுவீங்க, ரெண்டு பாதியும் சேந்தா ஒண்ணாயிடும்னு கணக்குப் போட்டேன்."

"பாலத்துக்கும் இந்தக் கணக்குத்தானா? கொஞ்சம் பாத்துப் போடும்மா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ரெண்டு பேரும் முழுசாப் போடுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள், வேறொரு குரலில். "எனக்காகவா இவ்வளவும்?"

மாமனார் செல்போனை என் கையில் திணித்துவிட்டு, முதலாளியின் பெட்டித் துளைகள் வழியே உள்ளே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை. ஆனால் முழுதும் அவளுக்காக மட்டும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

பட்டினி முடிந்து மறுபடி சாப்பாடு போட வேண்டிய நாள் ஒரு விடுமுறை நாளாக அமைந்தது. யார் போடுவது என்று காலையிலிருந்தே பேச்சு. "நீங்க படிங்க, நான் போடறேன்" என்றார். "நீங்க நேத்து முழுக்கக் குழியில நின்னீங்க, நான் போடறேன்" என்றேன். கடைசியில் நான் மூடியைத் திறப்பது, அவர் குறடால் எடுப்பது என்று ஆயிற்று. ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் வேண்டாம் என்று அவராகவே ஓரமாக வைத்தார். "ஒரு சில்வண்டுக்கு ரெண்டு ஆம்பளைங்க. வெளிய சொன்னா ஊரு சிரிக்கும் மாப்ள." வெறும் பனியனோடு மண்டியிட்டார். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். முதலாளியின் அக்குள் வற்றியிருந்தது. பழைய பசியோடு, தலையைத் தரையோடு தாழ்த்திக் காத்திருந்தார்.

மூடியைத் திறந்தேன். குறடு உள்ளே போவதற்குள் ஒன்று துள்ளி வெளியே வந்தது. எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருக்கையில் மாமனார் அசையாமல் உறைந்துவிட்டதைக் கவனித்தேன். மூச்சுக்கூட விடவில்லை. அது அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, பனியன் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. மீசை இரண்டும் அவர் காதுமடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. எத்தனையோ மாடி ஆழத்துக்கு மேலே சாதாரணமாக நிற்கிற மனிதரின் தாடை துடித்தது.

"எடுங்க" என்றார், உதடு அசையாமல்.

இடுக்கி மேசைமேல் இருந்தது. எழுந்து போய் எடுத்து வரலாம். அதற்குள் அது பனியனுக்குள் இறங்கிவிடும். நான் எதையும் வரிசைப்படுத்தவில்லை. கையைக் குவித்து அவர் தோளின் மேல் கவிழ்த்தேன், விரல்களை மூடினேன்.

மாமனார் கண்ணை மூடி, நீளமாக மூச்சை விட்டுவிட்டு, என் முதுகில் ஒருமுறை தட்டினார். நான் நகரவில்லை. மூடிய என் கைக்குள் அது இருந்தது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளங்கை ரேகைகளில் காலை ஊன்றி ஊன்றி, வெளியே போக வழி இருக்கிறதா என்று விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தது. கை கூசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தலையைத் தூக்கி, இமைக்காமல் என் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தடித்த வாலின் நுனி மட்டும், மெல்ல மெல்ல, ஆட ஆரம்பித்திருந்தது.